பீரோவை நகர்த்துங்க, அப்புறம் பேசலாம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டுட்டு இருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல மன நிம்மதி தர்றது வீட்டோட அமைப்பா, வீட்டு மனுஷங்களோட பேச்சா, இதுதான் இன்னைக்கு தலைப்பு. நான் அமைப்புதான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின சகோதரர், அன்பா நாலு வார்த்தை பேசினா ஓலைக் குடிசையும் அரண்மனைதான்னு சொல்லி நல்லா கைத்தட்டு வாங்கினாரு. நானும்தான் தட்டினேன், அன்பு வேணாம்னு யாரு சொல்லுவா? ஆனா நடுவர் அவர்களே, அந்த நாலு நல்ல வார்த்தை வாயில வரணும்னா அந்த மனுஷன் முந்தின ராத்திரி தூங்கியிருக்கணுமா வேணாமா?

நாங்க சென்னையில கடைசி மாடியில ஒரு சிங்கிள் பெட்ரூம் வாடகை வீட்டுல இருக்கோம். நான், அவரு, பையன், அத்தை, நாலு பேர். சித்திரை வந்துட்டா பகல் பூரா வெயிலைக் குடிச்ச தளம் ராத்திரிதான் அதை உள்ள இறக்கும், பதினோரு மணிக்கு சுவத்துல கை வெச்சாலும் சுடும், ஃபேன் போட்டா அனல்தான் இறங்கும். ஹால்ல டிவி ஓடும், அதே ஹால்ல ஒரு மூலையில பையன் பத்தாவது பரீட்சைக்கு காதைப் பொத்திட்டு படிப்பான், அவரு நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்கப் பாப்பாரு, அப்ப பாத்து நான் மிக்ஸி போடுவேன், போடாம எப்படி சட்னி அரைக்கிறது. காபியில சர்க்கரை கம்மின்னு ஆரம்பிக்கிற பேச்சு மத்தியானத்துக்குள்ள உங்க வீடு எங்க வீடுன்னு போய் நிக்கும். நாங்க யாரும் கெட்டவங்க இல்லங்க. தூக்கம் கெட்டவங்க.

அத்தைக்கு காரைக்குடி பக்கம் ஊரு. அந்த ஊர்ப்பக்கம்னாலே எல்லாரும் நினைக்கிற ஆத்தங்குடி கல்லு பதிச்ச பெரிய வீடெல்லாம் இல்ல, சாதாரண ஓட்டு வீடு. ஒரு நாள் சண்டை முடிஞ்சு நான் அழுதுட்டு இருக்கும்போது அவங்க சொன்னாங்க, "ஊர்லயும்தான் சண்டை போட்டோம், ஆனா உங்க மாமாவுக்கு கோவம் வந்தா திண்ணைக்குப் போயிடுவாரு, நான் கிணத்தடிக்குப் போயிடுவேன், இங்க எங்கம்மா போறது?"

எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. திண்ணைன்னா வழிப்போக்கன் படுக்கிறதுக்குன்னு மட்டும் நினைச்சிருந்தேன், அது வீட்டுக்காரன் வீட்டை விட்டுப் போகாமலே வீட்டுலேர்ந்து கொஞ்சம் தள்ளி உக்கார்ற இடமும்தான். முற்றத்துல வானம் தெரியும், கொல்லையில நாலு வாழை நிக்கும். இந்த ஃப்ளாட்ல கோவம் வந்த ஆளுக்கு ஒண்ணு பாத்ரூம், இல்லன்னா தெரு!

அப்புறம்தான் வீட்டை நல்லா சுத்திப் பாத்தோம். பெட்ரூம்ல ஒரு ஜன்னல் இருக்கு, வெளிய வேப்பமரம். அந்த ஜன்னலை மூணு வருஷமா ஒரு பீரோ மறைச்சிட்டு நிக்குது! வீட்டுக்கு வந்த அன்னைக்கு அவசரத்துல அங்க வெச்சது, அப்படியே நின்னுடுச்சு.

நடுவர் அவர்களே, ராஜர் உல்ரிச்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1984ல ஒரு கட்டுரை வெளியிட்டாரு. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரியில பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க பழைய பதிவை எடுத்து, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேரையும் வெறும் செங்கல் சுவர் தெரிஞ்ச 23 பேரையும் ஒப்பிட்டாரு. மரம் பாத்தவங்க சராசரியா முக்கால் நாள் முன்னாடியே வீட்டுக்குப் போயிருக்காங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியாத்தான் எடுத்திருக்காங்க. என்னைத் தொட்டது இன்னொண்ணு. மனசு உடைஞ்சு அழுறாங்க, தைரியம் சொல்ல வேண்டியிருக்குன்னு நர்ஸுங்க எழுதி வெச்ச குறிப்பு சுவர் பாத்தவங்களுக்குத்தான் அதிகம். அதே ஆஸ்பத்திரி, அதே மாதிரி ஆபரேஷன், மாறினது ஜன்னலுக்கு வெளிய தெரிஞ்சது மட்டும்தான்.

நாங்க பீரோவை நகர்த்தினோம். பையன் மேஜை அந்த ஜன்னலுக்குப் போச்சு, டிவி சத்தத்துக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு கதவு வந்துச்சு. வீட்டு ஓனர்கிட்ட கேட்டு மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சோம், வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிடும், சூடு கண்டிப்பா குறையுது. ராத்திரி ட்யூப்லைட்டை அணைச்சுட்டு மஞ்சள் பல்பு, டப்பாவுல 2700 கெல்வின்னு போட்டிருக்கும் பாருங்க, அது. பளிச்சுனு வெள்ளை வெளிச்சம் கண்ணுல பட்டுட்டே இருந்தா தூக்கத்துக்கான மெலடோனின்ங்கிற ஹார்மோன் சுரக்க லேட்டாகும். சத்தத்துக்கு நம்ம நாட்டுல 2000லயே விதி வந்தாச்சு, குடியிருப்புப் பகுதியில ராத்திரி பத்துலேர்ந்து காலையில ஆறு வரைக்கும் 45 டெசிபலுக்கு மேல போகக்கூடாது. நாம சாதாரணமா பேசுறதே 60 கிட்ட வரும், அப்ப தெருவுக்கே அவ்வளவுதான்னா ஹால்ல ஓடுற டிவிக்கு எவ்வளவு இருக்கணும்?

கடைசியா பால்கனி. அட்டைப்பெட்டி, உடைஞ்ச சைக்கிள், காலி பெயிண்ட் டப்பான்னு கெடந்ததை அள்ளிப் போட்டுட்டு ஒரே ஒரு நாற்காலி போட்டோம். அதுல யார் உக்காந்திருந்தாலும் மத்தவங்க போய் எதுவும் கேக்கக்கூடாது. அதுதான் எங்க திண்ணை.

எதிரணியில இப்பவே சிரிக்கிறீங்க, தெரியுது. அந்த ரூலைப் போட்டது மனுஷங்கதானேன்னு கேப்பீங்க. ஆமா, மனுஷங்கதான், மறுக்கல. ஆனா அதே மனுஷங்க, அதே அன்போட, மூணு வருஷம் அதே வீட்டுல இருந்தோமே, அப்ப ஏன் அந்த ரூலைப் போட முடியல? நாற்காலி போட இடம் இல்ல!

போன மாசம் அத்தைக்கும் எனக்கும் ஒரு பேச்சு வந்துடுச்சு. நான் எதுவும் பதில் சொல்லாம போய் அந்த நாற்காலியில உக்காந்தேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும், வேப்பமரத்துல காக்கா கத்துறதைக் கேட்டுட்டு இருந்தேன். எந்திரிச்சு உள்ள வந்தா அத்தை அடுப்பு பக்கத்துல நிக்கிறாங்க, "உன் காபி ஆறிப்போச்சும்மா, சூடு பண்ணித் தரவா"ன்னாங்க.

சகோதரர் சொன்ன அந்த அன்பான நாலு வார்த்தை எங்க வீட்டுல அந்த பத்து நிமிஷத்துக்கு அப்புறம்தாங்க வந்துச்சு. நன்றி, வணக்கம்.