பெயரை வெட்டிய கல்

பெரியோர்களே, தாய்மார்களே, படையில் பணியாற்றி ஓய்வு பெற்று வந்திருக்கும் அண்ணன்மார்களே,

நம் ஊரில் போர் நினைவுக்கல் எழுப்புவதென்று முடிவாகி, அதன் அமைப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். கல்லின் உயரத்தைப் பற்றி இதுவரை நிறையப் பேசிவிட்டோம். அதில் எதை எழுதுவது என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களுள் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதே அதன் செய்தி. அந்தப் 14 பேரும் யார் பெற்ற பிள்ளைகள் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழ இதே வாசகத்தில், எண்ணை மட்டும் மாற்றி, வெள்ளையர் அரசு பல ஊர்களில் கல் பதித்தது. பிரான்சில் நியூவ் சாப்பல் என்னும் இடத்தில் 1927-இல் திறந்த நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் எழுதிவிட்டு, சாதாரணச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாக்கிவிட்டார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் மரபு அப்படிப்பட்டதன்று. கல்லைத் தேர்வதில் தொடங்கி, பெரும்படை என்னும் படையலிலும் வாழ்த்திலும் முடியும் ஆறு துறைகளை நடுகல்லுக்கு வகுத்தது தொல்காப்பியம். வீரனின் ‘பெயரும் பீடும் எழுதி’ நட்ட கற்களைப் பாடியது அகநானூறு. அந்த மரபு நெல்லைச் சீமையில் இன்னும் அற்றுப்போகவில்லை. வெட்டுப்பட்டு இறந்தவனுக்குப் பீடம் போட்டு, கோயில் கொடைவிழா நாளில் படையல் வைத்து, அவன் பிறந்ததும் வளர்ந்ததும் மாண்டதும் வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்கிறோமே, அது அந்தப் பெரும்படையும் வாழ்த்தும் அல்லாமல் வேறென்ன?

பாஞ்சாலங்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 1801-இல் கோட்டையைத் தாக்கி மடிந்த வெள்ளை அதிகாரிகளுக்கு அங்கே கல்லறைகள் எழுந்தன. இடிக்கப்பட்ட கோட்டையின் நினைவாக நம் அரசு கோட்டை கட்டியது 1974-இல். ஊமைத்துரையின் பக்கம் நின்று மாண்ட எளிய மக்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

ஆகவே நம் கல்லில் எண்ணிக்கை வேண்டாம். தெருவுக்கு நான்கு இசக்கிமுத்தும் மூன்று சுடலைமுத்தும் உள்ள ஊர் இது. தலைப்பெழுத்து மட்டும் போட்டால் பத்தாண்டில் குழப்பம் வரும். தகப்பன் பெயரையும், தாய் பெயரையும், மாண்ட இடத்தையும் ஆண்டையும் முழுதாக எழுதுவோம். பதவி வரிசையை விட்டு, இறந்த ஆண்டின் வரிசையில் எழுதினால் சுபேதாருக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு எழுத்துக் கிடைக்கும். பளபளப்பாகத் தேய்த்த கருங்கல் நண்பகல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். தேய்க்காத கல்லில் உளியால் ஆழமாக வெட்டிய எழுத்து, பெயிண்ட் உதிர்ந்தாலும் சாய்வெயிலில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். நம் தாய்மார்கள் அந்தக் கல்லுக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசாமல் இருக்கமாட்டார்கள், தடுப்பதும் முறையன்று. அதனால் அடியில் ஒரு விளக்குமாடமும், கழுவிய நீர் வடிய ஒரு வாய்க்காலும் முதலிலேயே அமைத்துவிட வேண்டும். கடைசிப் பெயர், தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். கண் மங்கியவர்கள் விரலால்தான் வாசிப்பார்கள்.

பின்னால் வருகிறவர்களுக்காகக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைக்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் எல்லையில் பிள்ளையை நிறுத்தியிருக்கும் தாய் அந்த வெற்றிடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு கடந்து போக வேண்டும். கல்லை நிரப்பியே வெட்டுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்தச்சர் உளி எடுக்கும் முன், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பிள்ளையின் பெயரை, வீட்டில் எழுதி வழங்கிய எழுத்திலேயே, ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள்.