சட்டைப் பைக்குள் சட்டம்: காரைக்குடி மாணவர்களின் அட்டை

வணக்கம். ஆத்தங்குடி ஓடு வீடியோவின் அடுத்த பகுதிக்குக் காத்திருப்பீர்கள். அது பிறகு வரும். முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். உள்ளங்கை அளவு அட்டை. ஞாயிறுதோறும் கூடி அரசியல் சாசனம் படிக்கிறார்களே நம் காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள், அவர்கள் அச்சடித்தது. நேற்றுதான் கைக்கு வந்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

முன்பக்கம் முழுக்கக் கைது பற்றியது. சாசனத்தின் 22ஆம் பிரிவு: காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றம் நடக்கும் முன்பே தடுப்பதற்கென்று பிடித்து வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்தால் இந்த 24 மணி நேர விதி பொருந்தாது என்பதையும் அடியில் போட்டிருக்கிறார்கள். மக்களுக்குப் பொய்த் தைரியம் கொடுக்கக் கூடாது என்று அந்த வரிக்காக இரண்டு ஞாயிறு வாதாடினார்களாம். இலவசச் சட்ட உதவிக்கான 15100 எண்ணும் இருக்கிறது.

இப்போது அச்சுக் கதைக்கு வருகிறேன். அச்சகத்தில் அட்டைக்கு 4 ரூபாய் கேட்டார்கள், அதுவும் பளபளப்புத் தாளில். எனக்குப் பளபளப்புத் தாள் என்றாலே ஆகாது, உங்களுக்கே தெரியும். பிள்ளைகளும் வேண்டவே வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள். ஏன் தெரியுமா? இதோ, இந்தக் கோடிட்ட இடம். பிடித்தால் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் எண்ணை இங்கே எழுத வேண்டும். பளபளப்பில் பால்பாயிண்ட் மை நிற்காது, தேய்த்தால் அழிந்துவிடும். பேசிப் பேசி, சொரசொரப்புத் தாளில் மூன்றேகால் ரூபாய்க்கு முடித்தார்கள். முக்கால் ரூபாய் குறைப்பு! அதோடு மூலைகளை வளைத்து வெட்டியும் வாங்கிவிட்டார்கள். கூர்மூலை சட்டைப் பையைக் கிழிக்கும். இந்த மூலையைப் பாருங்கள், எவ்வளவு அழகு!

ஒன்றை விட்டுவிட்டேன், முன்பக்கத்திலேயே இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன்பு பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் மட்டும், பெண் காவல் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம்.

பின்பக்கம்தான் என்னை உலுக்கியது. கைது விவரம் மட்டும் போதும் என்று சிலர் சொன்னபோது, ஒரு மாணவி கேட்டாளாம்: “போலீஸ் என்றைக்கோ ஒரு நாள் வரும். டீக்கடைக்குத் தினமும் போகிறோமே?” அதனால் சாசனத்தின் 15(2) பிரிவு பின்பக்கத்துக்கு வந்தது. சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் பார்த்துக் கடையில், உணவகத்தில் யாரையும் தடுக்கக் கூடாது. அரசுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், படித்துறை, சாலையிலும் தடுக்கக் கூடாது. ஊருக்கு ஊர் ஊரணி வைத்திருக்கும் செட்டிநாட்டில் ‘படித்துறை’ என்று சாசனமே சொல்வதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. எந்தச் சாதியார் வடம் பிடிப்பது என்ற தகராறில், தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேர் எத்தனை காலம் நிலையிலேயே நின்றது! 2024 ஜூனில் போலீஸ் காவலோடுதானே மறுபடி ஓடியது? அந்தப் பெண் கேட்டது முழுக்க நியாயம். ஊரணிப் படியில் ஒருவரை ஒதுக்கிவிட்டு, பேச்சுரிமை என்று மேடையில் முழங்குவதை என்னால் ஏற்க முடியாது.

அட்டை வெளியீட்டுக்கு இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மண்டபத்தில் தேதி கொடுத்துவிட்டு, அழைப்பிதழில் ‘உரிமை’ என்று பார்த்ததும் மறுத்துவிட்டார்கள். படிக்கிற வயதில் எதற்கு இதெல்லாம் என்று அறிவுரை வேறு. கோபம் கோபமாக வருகிறது. 18 வயதில் ஓட்டுப் போடலாம், ஓட்டுப் போட வைத்த சாசனத்தைப் படிக்கக் கூடாதா? பிறகு ஓர் ஆச்சி தன் வீட்டு முகப்பைத் திறந்துவிட்டார். “பட்டாலையிலும் உட்காருங்கள், வெயில் படாது” என்றாராம். அங்கேதான் வெளியீடு நடந்தது.

பணம் அனுப்பட்டுமா என்று கேட்காதீர்கள், வாங்க மாட்டார்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கல்லாப்பெட்டி ஓரமாக ஒரு கட்டு அட்டை வைக்கச் சம்மதித்தால் கீழே ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன்.