ஐ.பி. போட்டா வீடு தப்பிச்சிருமா?

அடுத்த கேள்வி திருப்பூர்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. வீட்டுக் கடன்ல நாலு மாசமா டியூ கட்டல, பேங்க்ல இருந்து 13(2) நோட்டீஸ், அதான் சர்ஃபேசி சட்டப்படி கடனக் கட்டச் சொல்ற நோட்டீஸ், வந்துருச்சாம். "ஐ.பி. போட்டா வீட்டத் தொட முடியாதுன்னு ஒருத்தர் சொல்றாரு, போடலாமா?"ன்னு கேக்குறாரு.

போடாதீங்கண்ணே. ஐ.பி., அதான் இந்த மஞ்ச நோட்டீஸ், திவால் மனு, கோர்ட் ஏத்துக்கிட்டா கைமாத்து, கிரெடிட் கார்டு மாதிரி அடமானம் இல்லாத கடனுக்குத்தான் தடுப்பு. பத்திரத்த வச்சு வாங்குன கடனுக்கு எடுபடாது. அடமானம் புடிச்சவங்க உரிமைய இது பாதிக்காதுன்னு 1920ஆம் வருச திவால் சட்டத்துலயே, 28ஆவது பிரிவுல இருக்கு. வீடும் போயி, திவாலானவர்ங்கிற பேரும் மிஞ்சும். உங்களுக்கு யோசனை சொன்னவருக்கு அதுல என்ன ஃபீஸ்னு கேட்டுப் பாருங்க.

முதல்ல நோட்டீஸ் தேதியப் பாருங்க. அதுல இருந்து 60 நாள் டைம். மொத்தக் கடனையும் கட்டுன்னுதான் எழுதியிருப்பாங்க, மிரண்டுறாதீங்க. நிலுவை டியூ முழுசும் வட்டியோட கட்டுனா பெரும்பாலும் கணக்க ரெகுலர் பண்ணிருவாங்க. ஒண்ணு ரெண்டு டியூ கட்டுனா ஆகாது. நிலுவை மொத்தமும் தீந்தாத்தான் என்.பி.ஏ.ல (வராக்கடன் பட்டியல்ல) இருந்து எடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி.

பணம் புரளலன்னா எழுத்துல பதில் கொடுங்க. வருமானம் ஏன் கொறைஞ்சுது, வருசத்தக் கூட்டி டியூவக் கொறைக்க முடியுமான்னு கேளுங்க. 15 நாளுக்குள்ள காரணத்தோட அவங்க பதில் சொல்லியாகணும். கலெக்ஷன் பையன்கிட்ட போன்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது. பிராஞ்ச்ல சீல் போட்டு காப்பி வாங்கி வைங்க.

ஓ.டி.எஸ்., அதான் தொகையக் கொறைச்சு ஒரே தடவையா கட்டி முடிக்கிறது, கேக்கலாமான்னா, கேக்கலாம். ஆனா அது நம்ம உரிமை இல்லன்னு 2021லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. வீட்டு மதிப்பு கடன விட அதிகம்னா பேங்க் எதுக்கு தள்ளுபடி தரப்போகுது? தந்தாலும் சிபில்ல 'செட்டில்டு'ன்னு விழும்.

டியூவ சமாளிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சுட்டா, என்னக் கேட்டா, வீட்ட நீங்களே வித்துருங்க. மனசு கேக்காதுதான். ஆனா ஏலத்துல வர்ற விலையும் நீங்க ஆள் புடிச்சு விக்கிற விலையும் ஒண்ணா இருக்காது. 50 லட்சம் போற வீட்டுக்கு 22 லட்சம் கடன்னா, மிச்சம் 28 லட்சம் உங்க கைக்கு வரணும்ல. ஆனா 13(2) நோட்டீஸ் வந்த பின்னாடி பேங்க்கோட எழுத்துச் சம்மதம் இல்லாம விக்கக் கூடாது, அதனால அந்தச் சம்மதம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி யார்கிட்டயும் அட்வான்ஸ் வாங்காதீங்க. வாங்குறவர் கடன் தொகைய நேரா பேங்க்ல கட்டி, பேங்க் எம்.ஓ.டி. ரசீது (பத்திரத்த அடமானம் வச்ச பதிவ ரத்து பண்ற ரசீது) போட்டுக் குடுத்து, அப்புறம் கிரயம்.

இதுக்கு காலக்கெடு இருக்கு. ஏல அறிவிப்பு பேப்பர்ல வர்றதுக்கு முந்தியே முடிச்சாகணும். 2016ல சர்ஃபேசி சட்டத்தத் திருத்திட்டாங்க. விளம்பரம் வந்துட்டா, முழுப் பணத்தோட போய் நின்னாலும் வீட்டத் திருப்பிக் குடுன்னு உரிமையா கேக்க முடியாது. 2023ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு.

கதவுல பொசஷன் நோட்டீஸ் (வீட்ட பேங்க் சுவாதீனம் எடுக்குற நோட்டீஸ்) ஒட்டிட்டா 45 நாளுக்குள்ள கோயம்புத்தூர் டி.ஆர்.டி.ல (கடன் வசூல் தீர்ப்பாயத்துல) கேஸ் போடலாம், சிவில் கோர்ட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்ல. ஸ்டே கிடைக்கலாம், ஆனா பெரும்பாலும் ஒரு தொகையக் கட்டச் சொல்லித்தான் குடுப்பாங்க. அந்தப் பணத்துக்கு வழி பண்ணிட்டு வக்கீலப் பாருங்க.