வெங்காயத் தோலும் 100 எக்ஸ் லென்ஸும்

[திரையில்: நுண்ணோக்கி வட்டத்துக்குள் வெறும் சாம்பல் மங்கல்]

வெங்காயத் தோலை ஸ்லைடில் வச்சாச்சு. நேரா 100 எக்ஸ், அதாவது 100 மடங்கு பெரிசாக்கிற லென்ஸைத் திருப்பியாச்சு. என்ன தெரியுது? இதான். மைக்ராஸ்கோப் ரிப்பேர்னு முடிவு பண்ணிடாதீங்க.

முதல்ல 4 எக்ஸுக்கு வாங்க. 10 எக்ஸ் கண்ணருகு லென்ஸோட சேர்த்தா 40 மடங்கு. கம்மிதான். ஆனா வட்டத்துக்குள்ள 4 மில்லிமீட்டருக்கு மேல இடம் தெரியும். 40 எக்ஸ் லென்ஸுக்குப் போனா கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்தான். ஊரையே பார்க்காம வீட்டு நம்பரைத் தேடுற கதை வேண்டாமே.

[காட்சி: பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடி பெரிய திருகைத் திருகும் கை]

ஃபோகஸ் பண்ற பெரிய திருகு 4 எக்ஸ்ல மட்டும். 40 எக்ஸ்ல லென்ஸுக்கும், தோலை மூடியிருக்கிற மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்க சின்னத் திருகுதான். இல்லைன்னா 'டக்'னு ஒரு சத்தம் கேக்கும்!

ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினா பிம்பம் வலப்பக்கம் ஓடும். பேப்பர்ல இருந்து ஒரு 'ப' வெட்டி வச்சுப் பாருங்க, கவிழ்ந்து கிடக்கும்.

[காட்சி: ஐரிஸ் மெல்ல மூடுகிறது, செல் சுவர்கள் எழுந்து வருகின்றன]

இப்ப யாருமே தொடாத பாகம்: ஸ்லைடு வைக்கிற மேடைக்குக் கீழ, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐரிஸ். வெங்காயச் செல் கண்ணாடி மாதிரி. முழு வெளிச்சம் விட்டா கரைஞ்சு போயிடும். கொஞ்சம் மூடுங்க, கோடுகள் தெரியும். ரொம்ப மூடினா நுணுக்கம் போயிடும். கவர் ஸ்லிப் ஓரத்துல ஒரு சொட்டு அயோடின் விட்டு, எதிர் ஓரத்துல டிஷ்யூ வச்சு உறிஞ்சுங்க. உட்கரு பழுப்பா எழும்பி நிக்கும்.

சரி, இன்னும் இன்னும் பெரிசாக்கினா? 1873-ல ஜெர்மனி இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இதுக்கு ஒரு எல்லை சொன்னார். ஒளியோட அலைநீளத்துல ஏறக்குறைய பாதிக்கும் நெருக்கமா இருக்கிற ரெண்டு புள்ளி ஒண்ணாத்தான் தெரியும். அதாவது சுமார் 0.2 மைக்ரோமீட்டர். பாக்டீரியா தெரியும், 0.1 மைக்ரோமீட்டர் அளவுள்ள கொரோனா வைரஸ் தெரியாது. அதுக்கு மேல பெரிசாக்கிறது, போன்ல போட்டோவை இழுத்து இழுத்துப் பார்க்கிற மாதிரிதான்.

அந்த எல்லை வரைக்கும் போகவே 100 எக்ஸ் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல ஒரு சொட்டு எண்ணெய் வேணும். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைஞ்சு விலகிடும். இதுக்குன்னே இருக்கிற இம்மர்ஷன் ஆயிலோட ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும்ங்கிற அளவு) சுமார் 1.515, கண்ணாடிக்குச் சமம். அதனால சிதறாம லென்ஸுக்குள்ள ஏறும். முதல்ல பார்த்தோமே, அந்தச் சாம்பல் மங்கல்? அங்க எண்ணெயே விடலை.

[காட்சி: ஒரு சொட்டு எண்ணெய், மங்கல் தெளிகிறது]

வேலை முடிஞ்சதும் லென்ஸ் பேப்பரால துடைங்க. சட்டை நுனி வேண்டாம்.