காற்றை எடைபோட்ட பாதரசம்

பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழனி அடிவாரத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி வருகிறவர்கள் வேதியியல் வரலாற்றின் இரண்டு பெரும் பொருள்களைத் தொட்டுக்கொண்டே வருகிறார்கள். ஒன்று, அடிவாரத்து மரபு போற்றும் பாதரசம். மற்றொன்று, வளைவுக்கு வளைவு மெலிந்துகொண்டே வரும் காற்று. பாதரசத்தின் துணையால் காற்று கணக்கில் சேர்ந்தபோதுதான் வேதியியல் ஓர் அறிவியலாக உருப்பெற்றது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பழனியாண்டவர் திருமேனியைப் போகர் நவபாஷாணங்களைக் கட்டி உருவாக்கினார் என்பது நம் மரபு. அதன் வரலாற்றுச் சான்றுகளுக்குள் நான் இன்று போகவில்லை; அந்த மரபைத் தாங்கி நிற்கும் கைத்தொழில் அறிவையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் இட்டு விடாமல் அரைத்தால், வெள்ளி போன்ற பளபளப்பு சிறிது சிறிதாக மங்கி, கடைசியில் கன்னங்கரேலென்ற பொடி மிஞ்சும். அந்தப் பொடியைக் குப்பியில் அடைத்து, களிமண்ணில் தோய்த்த துணியை அதன்மேல் சுற்றிக் காயவைத்து, மீண்டும் சுற்றி, இப்படி ஏழு சீலைமண் செய்து, மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து, தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயைப் படிப்படியாக ஏற்றி எரித்தால், குப்பியின் கழுத்தில் செந்தூரம் சிவந்து படியும். பளபளப்பான நீர்மம் கருமையாகி, கருமை செம்மையாவதைக் கண்ணாரக் கண்டவர்கள், ஈயமும் ஒருநாள் பொன்னாகும் என்று நம்பியதில் என்ன பிழை இருக்கிறது? எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரில் வழங்கும் அரபு நூல்களும், உலோகங்கள் யாவும் ரசமும் கந்தகமும் வெவ்வேறு அளவில் கூடிப் பிறந்தவை என்றே பேசுகின்றன. நம்மவர்கள் ரசத்தைச் சிவமாகவும் கந்தகத்தைச் சக்தியாகவும் கண்டார்கள். நியூட்டனும் ராபர்ட் பாயிலும்கூட ரசவாதத்தில் நெடுங்காலம் உழைத்தவர்களே. இவர்களை மூடநம்பிக்கையாளர் என்று ஒதுக்கும் பாடநூல் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

ஆனால் சீலைமண் பூசிய அந்தக் குப்பிக்குள் இன்னொன்றும் இருந்தது. காற்று இருந்தது, அதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று, தத்துவத்தால் நேர்ந்தது. இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றான வைசேடிக தரிசனத்தின்படி எடை என்னும் குணம் நிலத்துக்கும் நீருக்கும் மட்டுமே உரியது. காற்றுக்கு ஊறு, அதாவது தொட்டு உணரப்படும் தன்மை, உண்டு; எடை கிடையாது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும், நெருப்பைப் போலக் காற்றும் மேல்நோக்கிச் செல்லும் இயல்புடையது என்றே கருதினார். எடையில்லாத ஒன்றை எந்தத் தராசில் வைப்பது? அதனால் அக்காலத்து ஆய்வாளர்கள் நிறம், மணம், சுவை, உருகும் தன்மை ஆகியவற்றையே ஆராய்ந்தார்கள். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு பிரிந்தது என்ற கேள்வி பின்தங்கியே இருந்தது.

அந்தத் தடையை உடைத்ததும் பாதரசம்தான். 1644 ஆம் ஆண்டில் இத்தாலியரான டாரிசெல்லி, பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்த தம் சோதனையை ஒரு கடிதத்தில் விளக்கினார். பாதரசம் முழுவதும் கீழே கொட்டிவிடாமல் ஏறத்தாழ 76 செ.மீ. உயரத்தில் நின்றது, வெளிக்காற்றின் எடையே அதைத் தாங்கி நிற்கிறது என்றார் அவர். அப்படியானால் மலை மேல் அந்த உயரம் குறைய வேண்டும் அல்லவா? பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்காளின் கணவர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் புய் தெ டோம் மலைமீது குழாயுடன் ஏறினார். சுமார் 1,000 மீட்டர் ஏற்றத்தில் பாதரசம் 8 செ.மீ.க்கும் மேல் இறங்கியிருந்தது. அதே குழாயை இங்கே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், நிறுத்தினால் அது 60 செ.மீ. அளவில்தான் நிற்கும். கருவி இல்லாமலே இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், மலைப்பாதையில் ஏற ஏற உப்பி, ஏரிக்கரைக்கு வரும்போது வெடித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு விறைத்திருக்கும். உள்ளே இருக்கும் காற்று அதே அளவுதான். வெளியிலிருந்து அழுத்தும் காற்றுதான் குறைந்துவிட்டது.

காற்றுக்கு எடை உண்டு என்பது தெரிந்த பிறகும், வேதிவினையில் அதற்குப் பங்கு உண்டு என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. வெள்ளீயத்தைச் சுட்டால் கிடைக்கும் நீறு, உலோகத்தைவிடக் கனமாக இருப்பதற்குக் காற்றே காரணம் என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் ரே 1630 இலேயே எழுதினார். அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. பாயில் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துச் சுட்டார், கலத்தைத் திறந்தார், பிறகு நிறுத்தார். எடை கூடியிருந்தது. தீயின் நுண்துகள்கள் கண்ணாடியை ஊடுருவி வந்து சேர்ந்தன என்று 1673 இல் முடிவு கட்டினார். நூறாண்டு கழித்து, 1774 இல், பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் அதே சோதனையைச் செய்தபோது கலத்தைத் திறப்பதற்கு முன்பே நிறுத்தார். எடை சிறிதும் மாறவில்லை. திறந்தபோது வெளிக்காற்று சீறி உள்ளே புகுந்தது. எடை அப்போதுதான் கூடியது. இரண்டு பேரறிஞர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு, தராசில் எப்போது வைத்தார்கள் என்பது மட்டுமே. வேதியியல் வரலாற்றில் இதைவிட அழகான இடம் எனக்குத் தெரியாது.

எரியும் பொருள்களில் எல்லாம் ஃப்ளோஜிஸ்டன் என்னும் ஒரு பொருள் அடங்கியிருக்கிறது என்று, அக்காலத்தில் கோலோச்சிய கொள்கை சொன்னது. அது இதற்கெல்லாம் எளிதில் அசையவில்லை. உலோகம் எரியும்போது ஃப்ளோஜிஸ்டனை இழந்து நீறாகிறது, கரியோடு சேர்த்துச் சுட்டால் கரியிலுள்ள ஃப்ளோஜிஸ்டனைப் பெற்று மீண்டும் உலோகமாகிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஸ்டால் என்பவரின் வழிவந்தவர்கள் விளக்கினார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் பாதரசத்தின் சிவந்த நீறு, கரியே இல்லாமல், வெறும் சூட்டினாலேயே பாதரசமாகத் திரும்பிவிடுகிறது. 1774 ஆகஸ்ட் 1 அன்று ஆங்கிலேய ஆய்வாளர் ப்ரீஸ்ட்லி அதன்மீது உருப்பெருக்கி ஆடியால் வெயிலைக் குவித்து, மெழுகுவத்தியைப் பேரொளியுடன் எரியவைக்கும் ஒரு காற்றைப் பெற்றார். லவாய்சியர் பாதரசத்தைக் காற்றோடு சேர்த்து அடைத்து, 12 நாட்கள் மிதமான சூட்டில் வைத்தார். 50 கன அங்குலக் காற்று 42 அல்லது 43 ஆகச் சுருங்கியது. பாதரசத்தின் மேல் செந்நிறத் துகள்கள் மிதந்தன. அவற்றைத் திரட்டினால் 45 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்கும் குறைவு. அதைக் கடுந்தீயில் சுட்டபோது 41.5 கிரெயின் பாதரசமும், 7 அல்லது 8 கன அங்குல அளவில் சுவாசத்துக்கு மிகவும் ஏற்ற காற்றும் வெளிவந்தன. மிதமான சூட்டில் வாங்கிக்கொண்டதைக் கடுந்தீயில் பாதரசம் திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்தக் காற்றைத்தான் இன்று ஆக்சிஜன் என்கிறோம்.

காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதன் விளைவைப் பற்றிக் கொடைக்கானல் மக்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சாதாரண அறைச் சூட்டிலேயே பாதரசம் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். 2001 இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு, இந்த மலையின் மண்ணிலும் பாசிகளிலும் அளந்து காணப்பட்ட ஒன்று.

லவாய்சியரின் கணக்கும் முழுமையடைந்துவிடவில்லை. 1789 இல் அவர் வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் ஒளியையும் கலோரிக் என்னும் வெப்பப் பொருளையும் சேர்த்தார். எதையும் தராசில் நிறுத்தே ஏற்றுக்கொண்டவர், எடையே காட்டாத இரண்டை முதல் வரிசையில் வைத்தார். பிரெஞ்சுப் புரட்சியின் அரசு 1794 மே 8 அன்று அவரைக் கொன்றபோதும், வெப்பத்துக்கு எடை உண்டா என்ற கேள்வி தீரவில்லை. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது வெப்பம் வெளியேறுகிறதே, அப்போது எடை குறைகிறதா என்று ரம்ஃபோர்டு என்னும் ஆய்வாளர் மிக நுட்பமான தராசில் நிறுத்துப் பார்த்தார். எந்த வேறுபாடும் இல்லை என்று 1799 இல் வெளியிட்டார்.