பசைச் சரக்கு ஒன்றும் பன்னிரண்டாம் பிரிவும்: ஐரோப்பியச் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

[திரையில்: 1960ஆம் ஆண்டின் மேற்கு ஐரோப்பிய வரைபடம். மேற்கு ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு ஓர் அம்புக்குறி.]

1960 செப்டம்பரில் வான் கெண்ட் என் லோஸ் என்னும் டச்சுப் போக்குவரத்து நிறுவனம், பசை தயாரிக்கப் பயன்படும் யூரியா-ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளை மேற்கு ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்குள் கொண்டுவந்தது. சுங்கத்துறை 8 சதவீத வரி விதித்தது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவிய ரோம் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1958 ஜனவரி 1 அன்று இதே சரக்குக்கு 3 சதவீதம்தான் வரி என்றும், உறுப்பு நாடுகள் தமக்கிடையே உள்ள சுங்கவரியை உயர்த்தக் கூடாது என்று அந்த உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு தடுக்கிறது என்றும் நிறுவனம் வாதிட்டது.

ஐரோப்பியச் சட்டமும் அரசியல் நிறுவனங்களும் பாடமாக உள்ள பல்கலைக்கழகங்களில் இந்த வழக்கைத் தொடாமல் எவரும் முதல் பருவத்தைக் கடப்பதில்லை. ஆனால் பெரும்பாலான பாடநூல்கள் முதலில் நிறுவனங்களின் கட்டப்படத்தைப் போட்டுவிட்டு, வழக்குகளைப் பிறகுதான் எடுக்கின்றன. அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. கட்டப்படம் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். ஒரு தீர்ப்பை முழுமையாகப் படித்தவருக்கு அந்த நிறுவனங்கள் எதற்காக இருக்கின்றன என்பது மறக்காது.

[திரையில்: 1963 பிப்ரவரி 5, வழக்கு எண் 26/62.]

டச்சு வரித் தீர்ப்பாயம் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கேட்ட முதன்மையான கேள்வி இதுதான்: நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காட்டி, ஒரு தனியார் நிறுவனம் தன் நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோர முடியுமா? அன்று உறுப்பு நாடுகள் ஆறு. அவற்றுள் நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்றின் அரசுகள் நிறுவனத்துக்கு எதிராக வாதிட்டன. அட்வகேட் ஜெனரல் கார்ல் ரோமரும், 12ஆம் பிரிவுக்கு அத்தகைய நேரடி விளைவு இல்லை என்றே கருத்துரைத்தார். நம் ஊரில் அட்வகேட் ஜெனரல் என்றால் மாநில அரசுக்காக வாதாடுபவர். லக்சம்பர்க்கில் அவர் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் அல்லர். நீதிமன்றத்தின் உறுப்பினராகவே இருந்து, நீதிபதிகள் முடிவெடுக்குமுன் நடுநிலையான கருத்துரை வழங்குபவர். அவருடைய கருத்து நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. இந்த வழக்கிலும் கட்டுப்படுத்தவில்லை: 12ஆம் பிரிவு தனியாருக்கு நேரடியாக உரிமை தருகிறது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முடிவைவிட அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்தான் மாணவருக்கு முக்கியம். உடன்படிக்கையின் முன்னுரை அரசுகளை மட்டுமன்றி மக்களையும் குறிப்பிடுகிறது என்றது நீதிமன்றம். நாட்டு நீதிமன்றங்கள் லக்சம்பர்க்கிடம் விளக்கம் கேட்கலாம் என்று 177ஆம் பிரிவு சொல்வதால், அந்த நீதிமன்றங்களில் குடிமக்கள் இந்தச் சட்டத்தை எடுத்துரைக்க முடியும் என்பதை நாடுகள் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டன என்றது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வழியாகக் குடிமக்கள் இந்தச் சமூகத்தின் செயல்பாட்டில் பங்கேற்கிறார்கள் என்றும் சுட்டியது. இந்தக் கடைசிக் காரணத்தில் சற்று நில்லுங்கள். 1963இல் அந்த மன்றத்தின் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டு நாடாளுமன்றங்கள் தம் உறுப்பினர்களை அங்கே அனுப்பிவைத்தன. முதல் நேரடித் தேர்தல் 1979இல்தான் நடந்தது. மக்கள் வாக்களிக்காத ஒரு மன்றத்தை மக்கள் பங்கேற்புக்குச் சான்றாக நீதிமன்றம் காட்டியது சரியா என்ற கேள்வியோடு நீங்கள் வகுப்புக்குள் நுழைந்தால், அன்றைய விவாதம் உங்களிடமிருந்தே தொடங்கும்.

அடுத்த ஆண்டிலேயே இன்னொரு சிறிய தொகை பெரிய சட்டத்தை உருவாக்கியது. மிலான் நகர வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்தா, மின்துறை தேசியமயமாக்கப்பட்டதை எதிர்த்து, 1,925 லிரா மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். 1964 ஜூலை 15 அன்று வந்த லக்சம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பு, பின்னர் இயற்றப்பட்ட உள்நாட்டுச் சட்டத்தாலும் ஐரோப்பியச் சட்டத்தை மீற முடியாது என்றது. முதன்மைக் கோட்பாடு எனப்படும் இதை உடன்படிக்கைகளின் வாசகத்தில் தேடினால் கிடைக்காது. 2004இல் கையெழுத்தான அரசமைப்பு உடன்படிக்கையில் அது எழுதப்பட்டது. அந்த உடன்படிக்கையையே 2005இல் பிரான்சு, நெதர்லாந்து வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையில் அது பின்னிணைப்பாக உள்ள 17ஆம் அறிவிப்பில் மட்டுமே இடம்பெறுகிறது. நாட்டு அரசமைப்பு நீதிமன்றங்களும் இதை முழுமையாக ஏற்றுவிடவில்லை. 2020 மே மாதம், ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதல் குறித்த லக்சம்பர்க் தீர்ப்பு அதிகார வரம்பை மீறியது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் அறிவித்தது. இதனால்தான் இங்கே சட்டத்தையும் அரசியலையும் தனித்தனித் தாள்களாகப் பிரித்துப் படிப்பதில் பயனில்லை.

[திரையில்: ஒரே பெயர்போலத் தோன்றும் மூன்று பெயர்ப்பலகைகள்.]

பெயர்க் குழப்பத்தைப் பார்த்துவிடலாம். உறுப்பு நாடுகளின் அரசுத் தலைவர்கள் கூடுவது ஐரோப்பிய கவுன்சில். அமைச்சர்கள் கூடி, நாடாளுமன்றத்தோடு சேர்ந்து சட்டமியற்றுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் கவுன்சில். இவ்விரண்டோடும் சேராத மூன்றாவது, 1949இல் தொடங்கி ஸ்ட்ராஸ்பர்க்கில் இயங்கும் ஐரோப்பாவின் கவுன்சில். அது ஒன்றியத்தின் உறுப்பே அன்று. மனித உரிமை நீதிமன்றம் அதைச் சேர்ந்தது. பன்னிரண்டு விண்மீன் கொடியை 1955இல் முதலில் ஏற்றதும் அதுதான். தமிழில் மொழிபெயர்க்கும்போது மூன்றும் ஒன்றாகிவிடுவதால், யார் கூடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறிப்பெடுங்கள்.

குறிப்பேட்டில் இன்னொன்றுக்கும் இடம் விடுங்கள். ஆம்ஸ்டர்டாம் உடன்படிக்கையும் லிஸ்பன் உடன்படிக்கையும் பிரிவுகளுக்குப் புதிய எண் இட்டன. பழைய 12ஆம் பிரிவு முதலில் 25 ஆகி, இன்று 30 ஆக உள்ளது. பழைய 177, 234 ஆகி, இப்போது 267. பழைய தீர்ப்பில் உள்ள எண்ணை இன்றைய உடன்படிக்கையில் தேடித் தொடர்பே இல்லாத பிரிவைப் படித்துக்கொண்டிருப்பது இத்துறையில் நுழையும் அனைவரும் ஒருமுறையாவது செய்யும் தவறு.

தமிழ் மாணவர் படித்துப் பழக ஏற்ற தீர்ப்பு ஒன்று 2017 ஜூலை 26 அன்று வந்தது. 2006இல் ஒன்றியத்தின் கவுன்சில் விடுதலைப் புலிகள் அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. அப்பட்டியலில் தொடர்ந்து வைத்திருந்த முடிவுகளை லக்சம்பர்க்கின் கீழ் நீதிமன்றமான பொது நீதிமன்றம் 2014 அக்டோபரில் நடைமுறைக் காரணங்களுக்காக ரத்து செய்ததோடு, அமைப்பின் தன்மை பற்றித் தான் எதுவும் முடிவு செய்யவில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. கவுன்சில் மேல்முறையீடு செய்தது. மேல் நீதிமன்றம் ரத்தை உறுதி செய்தாலும், கீழ் நீதிமன்றத்தின் காரணங்களை அப்படியே ஏற்கவில்லை. பட்டியலில் தொடர்ந்து வைத்திருக்க நாட்டு அதிகாரிகளின் முடிவுகளை மட்டுமன்றிப் பிற தகவல்களையும் கவுன்சில் பயன்படுத்தலாம் என்றது. ஆனால் 2009 தோல்விக்குப் பிறகு சூழல் மாறிவிட்டதால், பிரிட்டனின் 2001ஆம் ஆண்டுத் தடையாணை மட்டும் போதாது என்றது. ‘தடை நீங்கியது’ என்ற ஒற்றை வரியில் இதை அடக்கிவிட முடியாது.

அந்தத் தீர்ப்பில் இந்திய அதிகாரிகளின் முடிவைப் பற்றிப் பேசும் பத்திகளை முதலில் படியுங்கள். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள ஒரு நாட்டின் முடிவைக் கவுன்சில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எதிர்வாத உரிமையும் (தன் தரப்பை எடுத்துச்சொல்லும் உரிமை) முறையான நீதிப் பாதுகாப்பும் அங்கே உறுதி செய்யப்பட்டிருந்தனவா என்று முன்கூட்டியே சரிபார்த்து, சரிபார்த்ததற்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்பது அங்கே உள்ள வாதம்.