மங்கோலியர் விரட்டிய அறிஞர்களும் டெல்லி சுல்தானியமும்

நேயர்களுக்கு வணக்கம். 1220இல் புகாராவும் சமர்கந்தும், மறு ஆண்டில் நிஷாப்பூரும் செங்கிஸ்கானின் படைகளிடம் வீழ்ந்தன. அந்நகரங்களின் மதரஸாக்களில் வளர்ந்த மார்க்க அறிஞர்களில் உயிர் தப்பிய பலர், சிந்து நதியைக் கடந்து டெல்லி சுல்தானியத்தை அடைந்தனர். அவர்களை அப்போதைய டெல்லி சுல்தான் இல்துமிஷ் ஆதரித்ததை வெறும் இரக்கம் என்று கொள்வதற்கில்லை. 1206இல் தோன்றிய அந்த இளம் அரசிடம் போரிடத் துருக்கியத் தளபதிகள் இருந்தார்கள். வழக்குத் தீர்க்கும் காஜிகளும், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் சுல்தானின் பெயரைச் சொல்லிக் குத்பா என்னும் உரையை ஓதும் கத்தீபுகளும், அவர்களை உருவாக்கும் ஆசிரியர்களும்தான் அதற்குத் தேவைப்பட்டனர்.

மின்ஹாஜ் உஸ் சிராஜின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டும். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள கோர் நாட்டு அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்த அவர், தூலக் கோட்டையைக் காத்து மங்கோலியரோடு போரிட்டவர். 1227இல் அவர் இன்றைய பாகிஸ்தானில் உள்ள உச் நகரம் வந்ததும், அப்பகுதியை ஆண்ட குபாச்சா அங்கிருந்த பிரூஸி மதரஸாவை அவர் பொறுப்பில் விட்டார். அடுத்த ஆண்டே இல்துமிஷ் உச்சைக் கைப்பற்ற, மின்ஹாஜ் தயங்காமல் வென்றவரோடு டெல்லிக்குப் புறப்பட்டுவிட்டார். இதைச் சந்தர்ப்பவாதம் என்பாரும் உண்டு. திரும்பிப் போக ஊர் இல்லாதவருக்கு வேறு வழி என்ன இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னர் குவாலியரில் காஜியாகவும், இல்துமிஷின் மகள் ரஸியாவின் ஆட்சியில் டெல்லி நாசிரிய்யா மதரஸாவின் தலைவராகவும், 1241இல் தலைமைக் காஜியாகவும் அவர் உயர்ந்தார். மங்கோலியப் படையெடுப்பை விரிவாகச் சொல்லும் 'தபகத்-இ-நசிரி' என்ற வரலாற்று நூலை 1260இல் அவர் எழுதி முடித்தது அரசவையின் ஆதரவில்தான்.

பின்னாளில் சுல்தானான பால்பன் காலத்தில், அடைக்கலம் தேடி வந்த இளவரசர்களின் பரிவாரங்களுக்காக டெல்லியில் 15 குடியிருப்புகள் இருந்தன என்றும், சமர்கந்தி, கோரி, காஷ்கரி என அவை பெயர் பெற்றன என்றும் வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியவர் அவர் என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும், வந்தவர்கள் ஊர்வாரியாகச் சேர்ந்து வாழ்ந்தனர் என்பது நம்பத் தக்கதே.

இந்த மறுவாழ்வின் பலவீனம் வருவாயில் இருந்தது. பதவியில் இருந்தோர் ஊதியத்தையும், மற்றவர்கள் பெரும்பாலும் அரசு அளித்த உதவித்தொகையையும் மானிய நிலங்களையும் நம்பி வாழ்ந்தனர்; கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். பின்னர் வந்த சுல்தான் அலாவுதீன் கில்ஜி அதைத்தான் செய்தார். மில்க் (சொந்த உடைமை), இனாம் (கொடை), வக்ஃபு (அறக்கட்டளை) என எந்தப் பெயரில் கொடுக்கப்பட்டிருந்தாலும், மானியக் கிராமங்களை அரசுக் கணக்கில் சேர்த்துவிட அவர் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி பதிவு செய்திருக்கிறார்.